ஐம்பதில் வளைக்கும் செயலி: ஜூரிக்கின் ‘பீச்’ எவ்வளவு தேறும்?

மிக்ஸி வாங்கினால் தேங்காயைப் போட்டு அரைத்துப் பார்த்துவிடலாம். குணத்தை மாற்றித் தரும் செயலியை அப்படிச் சோதிக்க முடியாது. மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகும் மாறியதா இல்லையா என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு இருக்கும். ஆனால் இந்த வகைச் செயலிகளில் ஒன்று ஒழுங்கான சோதனையைத் தாண்டி வந்திருக்கிறது. அதன் பெயர் பீச். பர்சனாலிட்டி கோச் என்ற இரு சொற்களிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி வைத்த பெயர். ஜூரிக் பல்கலைக்கழகத்தின் மிரியம் ஸ்டீகர், மத்தியாஸ் அல்லமாண்ட் ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் உருவாக்கியது. 1,523 பேரை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2021-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வந்தது.

முதலிலேயே ஒன்று: இது ஆய்வுக்கென்று செய்த செயலி, பேசுவது ஜெர்மன் மொழி. ஆகவே இங்கே மதிப்பிடுவது அதன் வழிமுறையையும் வெளியான எண்களையும்தான். கேள்வியும் குறிப்பானது. அறுபதை நெருங்குகிறவருக்கோ தாண்டியவருக்கோ, உடம்பும் நினைவும் நன்றாக இருக்க இந்த வழிமுறை உதவுமா?

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரிய மாயம் ஒன்றுமில்லை. உளவியலார் குணத்தை ஐந்து அளவுகளில் அளக்கிறார்கள்: பொறுப்புணர்வு, மனப்பதற்றம், பிறரோடு பழகும் கலகலப்பு, இணக்கம், புதியதை ஏற்கும் மனம். இவற்றில் ஒன்றை, எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதோடு சேர்த்து, பயனர் தேர்ந்தெடுக்கிறார். அதன் பிறகு அரட்டைப் பெட்டி போன்ற திரையில் ஒரு கணினிப் பயிற்சியாளர் தினமும் பேசுகிறது. உரையாடல் முன்கூட்டியே எழுதி வைத்தது; வரும் விடைகளில் ஒன்றைத் தொட்டால் அடுத்த வரி வரும். இப்போதைய செயற்கை நுண்ணறிவு அரட்டைகளோடு ஒப்பிட்டால் பழைய காலத்துப் பொருள்தான். ஒரு விதத்தில் அதுவே நல்லது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிடாது.

அந்த உரையாடலுக்குள் ஆறு வேலைகள் கலந்து ஓடுகின்றன. தேர்ந்தெடுத்த குணத்தைப் பற்றிச் சிறு பாடம். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்ற வடிவில் ஒரு திட்டம். செய்து பார்க்கச் சின்னச் சின்னப் பணிகள். நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கேள்விகள். ஏற்கெனவே நன்றாக வருவது எது என்று நினைவூட்டும் பகுதி. எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று காட்டும் படம். இவற்றில் பாரம் சுமப்பது ‘இது நடந்தால் இது’ என்ற திட்டம்தான் என்பது எங்கள் கணிப்பு. உளவியலாளர்கள் பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-இல் இத்தகைய திட்டங்களைச் சோதித்த 94 ஆய்வுகளைத் தொகுத்தபோது, குறிக்கோளை எட்டுவதில் விளைவளவு (மாற்றம் எவ்வளவு பெரியது என்று காட்டும் எண்) 0.65 என்று வந்தது. உளவியலில் இது கணிசமான எண்.

பீச்சின் சொந்த எண்கள் இவை. ஒரு குணத்தைக் கூட்ட விரும்பியவர்கள் தங்களைத் தாங்களே மதிப்பிட்டதில் 0.52 அளவு கூடியிருந்தது. குறைக்க விரும்பியவர்களுக்கு 0.58 அளவு குறைந்திருந்தது. இதில் 1 என்பது ஒரு திட்ட விலக்கம், அதாவது மக்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து வழக்கமாகச் சிதறும் அளவு. நூறு பேரைப் பொறுப்புணர்வின் ஏறுவரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஐம்பதாவதாக நின்றவர் எழுபதாவது இடத்துக்கு அருகே போவதை 0.52 குறிக்கும். மூன்று மாத அரட்டைக்கு இது நல்ல வரவு. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கழித்து அளந்தபோதும் மாற்றம் நின்றிருந்தது.

இனி அடிக்குறிப்பு. பயனரின் நண்பர், குடும்பத்தார், துணைவர் ஆகியோரிடமும் கேட்டார்கள். கூட்டிக்கொள்ள விரும்பியவர்களிடம் அவர்களும் மாற்றத்தைக் கண்டார்கள், ஆனால் 0.35 அளவுதான். குறைக்க விரும்பியவர்களிடம் கண்டது 0.22, அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள் விழுந்துவிட்டது. குறைக்க விரும்பும் குணம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மனப்பதற்றம். உள்ளுக்குள் கவலை தணிந்தால் அது பக்கத்தில் இருப்பவர் கண்ணில் படாமல் போகலாம். தணிந்துவிட்டதாகப் பயனர் நினைத்துக்கொள்வதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை இந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. ஒப்பீட்டுக் குழுவும் ஒரு மாதம் சும்மா காத்திருந்தவர்களைக் கொண்டது. ‘ஏதோ ஒரு செயலி கிடைத்தது’ என்ற உற்சாகத்தின் பங்கை இதனால் கழிக்க முடியாது. இன்னொரு குறை நம் கேள்விக்கு நேராக வந்து நிற்கிறது: கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள்.

முதியவர்களிடம் குணம் அசையுமா என்பதற்கு வேறு இடங்களில் விடை தேட வேண்டும். அமெரிக்காவின் இல்லினாயில் 60 முதல் 94 வயது வரையானவர்களுக்கு 16 வாரம் தர்க்கப் பயிற்சியும், அதோடு குறுக்கெழுத்து, சுடோகு போன்ற புதிர்களும் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தே செய்வது, அவரவர் திறனுக்கேற்பக் கடினம் கூடிக்கொண்டே போகும். 2012-இல் வந்த முடிவின்படி, புதியதை ஏற்கும் மனம் அவர்களிடம் கூடியிருந்தது. ஆனால் பெர்லினில் இளைஞர்களையும் 65 முதல் 80 வயதுக்காரர்களையும் நூறு நாள் உட்கார வைத்து மூளைப் பயிற்சி கொடுத்தபோது அந்தக் குணம் நகரவில்லை. ஆகவே, ‘புதிர் போட்டால் மனம் விரியும்’ என்று விற்பவர்களிடம் எந்தப் புதிர், எந்த முறையில் என்று கேட்டுவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க், ஹாம்பர்க் ஆய்வாளர்கள் அண்மையில் மன அழுத்தத்தையும் பழகும் சங்கடங்களையும் சமாளிக்க எட்டு வாரப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். இளையவர்களைப் போலவே முதியவர்களும் பயன் பெற்றார்கள். பயிற்சியில் முதியவர்கள் அதிக ஈடுபாடு காட்டினார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டவருக்கு, வளைவதோடு வீட்டுப்பாடத்தையும் ஒழுங்காகச் செய்கிறது என்று பதில் சொல்லலாம்.

வாங்குபவர் அதிகம் தவறுவது இங்கேதான்: எந்தக் குணத்தைத் தேர்ந்தெடுப்பது? பீச் பயனர்கள் அதிகம் கேட்டவை மூன்று: மனப்பதற்றத்தைக் குறைக்க, பொறுப்புணர்வைக் கூட்ட, கலகலப்பைக் கூட்ட. இருபத்தைந்து வயதில் மூன்றுமே நியாயமான ஆசைகள். முதுமையை மனத்தில் வைத்தால் மூன்றுக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது.

ஆயுளைப் பற்றிய தரவுகளில் திரும்பத் திரும்ப வந்து நிற்பது பொறுப்புணர்வு. மார்க்கஸ் யோகெலாவும் குழுவினரும் 2013-இல் ஏழு நெடுங்கால ஆய்வுகளைச் சேர்த்து 76,150 பேரைப் பார்த்தார்கள். பொறுப்புணர்வில் கடைசி மூன்றில் ஒரு பங்கில் இருந்தவர்களுக்கு, மற்றவர்களைவிட இறப்பு அபாயம் ஏறக்குறைய 1.4 மடங்கு. மற்ற நான்கு குணங்களுக்கும் அப்படி ஒரே சீரான தொடர்பு கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921-இல் தொடங்கிய ஆய்வின் குழந்தைகளைப் பிறகு ஹோவர்ட் ஃப்ரீட்மன் குழு தொடர்ந்து பார்த்தது. சிறுவயதில் நிதானமும் நம்பகமும் உள்ளவர்கள் என்று பெற்றோரும் ஆசிரியரும் சொன்ன குழந்தைகள் அதிக காலம் வாழ்ந்தார்கள். சிரித்துக் களித்திருந்த குழந்தைகள் சராசரியாகச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தார்கள். ‘எப்போதும் உற்சாகமாக இருந்தால் நூறு வயது’ என்று வாட்ஸாப்பில் அனுப்புகிறவர்களுக்கு இதைத் திருப்பி அனுப்பலாம்.

நினைவாற்றலிலும் அதே குணம்தான் முன்னால் வருகிறது. சிகாகோவின் ரஷ் மருத்துவ மையத்தில் ராபர்ட் வில்சன் குழு, கத்தோலிக்கக் கன்னியர், குருமார், துறவிச் சகோதரர்கள் 997 பேரை 12 ஆண்டுகள் வரை கவனித்தது. அவர்களில் 176 பேருக்கு அல்சைமர் வந்தது. பொறுப்புணர்வில் மேல் தட்டில் இருந்தவருக்குக் கீழ்த் தட்டில் இருந்தவரைவிட அபாயம் 89 சதவீதம் குறைவு. அதைவிட வியப்பானது, இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்தபோது அல்சைமர் படிவுகளுக்கும் பொறுப்புணர்வுக்கும் தொடர்பில்லை. அதாவது படிவைத் தடுப்பதைவிட, படிவோடும் சமாளித்து நடக்க அந்தக் குணம் ஏதோ வகையில் உதவுவதாகத் தெரிகிறது.

இந்தக் குணம் எந்த வழியாக ஆயுளுக்குப் போகிறது? பெரும் பகுதி சாதாரண வழிதான். அமெரிக்க நடுவயதினரை 14 ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், பொறுப்புணர்வுக்கும் இறப்புக்கும் இடையிலான தொடர்பில் 42 சதவீதத்தை மூன்று விஷயங்கள் விளக்கிவிட்டன: புகை, மிதமிஞ்சிய மது, இடுப்புச் சுற்றளவு. செயலியைத் திறக்கும் முன் புகைப்பவர் அதை நிறுத்த வழி தேடட்டும். குணம் மாறட்டும், பிறகு பீடியை விடுகிறேன் என்பது மாட்டுக்கு முன்னால் வண்டியைக் கட்டுவது.

இவ்வளவும் குணம் எப்படி *இருந்தது* என்பதைப் பற்றியது. குணத்தை *மாற்றிக்கொண்டவர்* அதிகம் வாழ்ந்தார் என்று காட்ட, மக்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவை மாற்றி, இருபது ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு ஓரளவு அருகில் வருவது டேனியல் ம்ராசெக், அவ்ரான் ஸ்பைரோ இருவரும் 2007-இல் வெளியிட்டது. பாஸ்டனில் 1,663 ஆண்களின் மனப்பதற்றம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஏறியதா இறங்கியதா என்று பார்த்தார்கள். ஏற்கெனவே பதற்றம் அதிகமாக இருந்து, மேலும் ஏறிக்கொண்டே போனவர்களின் ஆயுள்தான் குறைந்தது. மாற்றம் தானாக நிகழ்ந்தது, யாரும் மாற்றவில்லை. உடம்பில் ஒளிந்திருந்த நோயே பதற்றத்தை ஏற்றியிருக்கவும் கூடும். ஆகவே பீச்சின் வழிமுறைக்கு ஐந்தில் நான்கு தரலாம். இதைக் காட்டி யாராவது ‘நலமான முதுமை’ என்று விற்றால், அந்த வாக்குறுதிக்கு ஐந்தில் இரண்டுக்கு மேல் கிடையாது.

நான்கு என்று சொன்ன வழிமுறையைச் செயலி இல்லாமலும் நடத்தலாம். ஒரு கோடு போட்ட நோட்டு, பேனா, உண்மையைச் சொல்லக்கூடிய ஓர் ஆள், பன்னிரண்டு வாரம். பொறுப்புணர்வு என்ற முழுக் குணத்தையும் குறிவைக்கக் கூடாது. ஒழுங்கு, தொடங்கியதை முடித்தல், சொன்ன சொல் காத்தல் என்று அதற்குள் பிரிவுகள் உண்டு. அதில் ஒன்று போதும். அந்த ஒன்றுக்கு ‘இது நடந்தால் இது’ என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ‘இனி மாத்திரையை ஒழுங்காகப் போடுவேன்’ என்பது எதற்கும் உதவாது. ‘காலையில் காப்பி டம்ளரைக் கழுவி வைத்ததும், மாத்திரை டப்பாவில் இன்றைய அறையைத் திறப்பேன்’ என்பது வேலை செய்யும்.

அந்த வாக்கியத்தின் முன்பாதியில் கடிகார நேரம் வரக்கூடாது. வேலைக்குப் போகிறவருக்கு எட்டு மணி என்றால் எட்டு மணி. ஓய்வு பெற்றவருக்குத் தூக்கம், விருந்தாளி, மின்தடை எல்லாம் சேர்ந்து நேரத்தை இழுத்துக்கொண்டே போகும். எந்த நாளிலும் தவறாமல் கை செய்யும் காரியம் வேண்டும்: பல் துலக்கியது, கண்ணாடியை எடுத்து மாட்டியது, வாசல் கதவைப் பூட்டியது. அலைபேசி அறிவிப்பை நம்புவதும் இதே காரணத்தால் தவறு. இரண்டாவது வாரத்தில் விரல் பார்க்காமலே அதைத் தள்ளிவிடப் பழகிவிடும். மனைவியோ மகளோ நினைவூட்டுவது அதைவிட மோசம். அவர்கள் குரலே தூண்டுகோலாகி, அவர்கள் ஊருக்குப் போன வாரத்தில் எல்லாம் நின்றுவிடும். போதாக்குறைக்கு வீட்டில் சண்டையும் வரும்.

பதற்றத்தைக் குறைக்க விரும்புகிறவருக்கும் இதே வடிவம்தான். கவலை வரும்போதெல்லாம் அதை ஒரு சொல்லில் நோட்டில் குறித்துவிட்டு, மாலையில் ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் பற்றி மட்டும் கவலைப்படுவது நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ள உத்தி. படுக்கையறையிலும் படுக்கும் நேரத்துக்கு அருகிலும் மட்டும் வேண்டாம். கவலை முற்றிப்போய்த் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டிருந்தால் செயலியும் நோட்டும் போதாது. ப்ரென்ட் ராபர்ட்ஸ் குழு 2017-இல் தொகுத்த 207 ஆய்வுகளில், சிகிச்சையால் குணம் நகர்ந்த அளவு சராசரியாக 0.37, அதிகம் நகர்ந்தது மனப்பதற்றம்தான். முதல் சில வாரங்களிலேயே பெரும் பகுதி நடந்துவிடுகிறது. மருத்துவ உளவியலாளரிடம் போவது பீச்சைவிடப் பழைய, நன்கு தேய்த்துப் பார்த்த வழி.

ஒரே நேரத்தில் எத்தனை பணி? ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நேதன் ஹட்சனும் கூட்டாளிகளும் 377 மாணவர்களை 15 வாரம் கவனித்து 2019-இல் எழுதியது இங்கே பொருந்தும். வாராவாரம் பணிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். எத்தனை பணியை ஏற்றுக்கொண்டார் என்பதால் குணம் நகரவில்லை. எத்தனையை முடித்தார் என்பதால்தான் நகர்ந்தது. பத்துப் பணியை ஆர்வமாகத் தொட்டு ஏற்றுக்கொள்ள வைக்கும் எந்தச் செயலியும் பயனருக்கு நன்மை செய்யவில்லை; தன் பயன்பாட்டுக் கணக்கைத்தான் ஏற்றிக்கொள்கிறது.

நாள் தவறினால்? லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரிடம் பார்த்ததில், ஒரு காரியம் தானாக நடக்கும் நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18, கணிப்பின்படி சிலருக்கு 254. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகக் கெடுக்கவில்லை. மூன்று நாள் தொடர்ந்து விட்டால் வாக்கியத்தின் முன்பாதி தப்பு என்று கொள்ளலாம். மன உறுதியைத் திட்டிக்கொண்டிருக்காமல் வேறு தூண்டுகோலைப் போட வேண்டும். ‘21 நாளில் பழக்கம்’ என்று முதல் திரையிலேயே எழுதியிருக்கும் செயலியை அப்படியே அழித்துவிடலாம்.

ஒரு சூழலில் இந்த முறை முழுவதும் ஒதுங்க வேண்டும். வாழ்நாளெல்லாம் கணக்காக இருந்தவர் அறுபதுக்கு மேல் ஓரிரு ஆண்டுகளில் அலட்சியமாகிறார், கூச்சமில்லாமல் பேசுகிறார், பணத்தை வாரி விடுகிறார் என்றால் அது பயிற்சியால் திருத்த வேண்டிய குணம் அல்ல. மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் சிதையும் மறதிநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் ‘ஆள் மாறிவிட்டார்’ என்று தோன்ற வைக்கும். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது அவரோடு வசிக்கும் ஒருவர் கூடவே போய், மாறியது எப்போது, எந்தச் செயலில் என்று சொல்ல வேண்டும். நோயாளிக்கே அது தெரியாமல் இருப்பது அந்த மறதிநோயின் இயல்பு.

கடைசியாக அளவை. எல்லாச் செயலியும் அழகான வரைபடம் காட்டுகிறது, அதில்தான் ஏமாற்றம் அதிகம். பரவலாகப் பயன்படும் 60 கேள்விக் குணப்பட்டியல் ஒன்றில் ஒவ்வொரு குணத்துக்கும் 12 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பீச் தந்த அரைத் திட்ட விலக்க மாற்றம் என்பது சராசரியில் ஏறக்குறைய 0.3, கூட்டுத்தொகையில் நாலு மதிப்பெண். அதே ஆள், எதுவுமே மாறாமல், நல்ல தூக்கத்துக்குப் பிறகு ஒரு முறையும் முதுகுவலியோடு ஒரு முறையும் நிரப்பினாலே நாலு மதிப்பெண் ஆடும். 1,523 பேரின் சராசரியில் இந்த ஆட்டம் ஒன்றையொன்று கழித்துவிடும். ஒற்றை ஆளின் வரைபடத்தில் கழியாது. தொடங்கும் முன் வாரம் ஒரு முறை என்று மூன்று முறை நிரப்பிச் சராசரி எடுங்கள். பன்னிரண்டாவது வாரத்துக்குப் பின்னும் அப்படியே மூன்று. உடன் இருக்கும் அந்த ஆளையும், உங்கள் பழைய விடையைக் காட்டாமல், இரு முனையிலும் நிரப்பச் சொல்லுங்கள். இவ்வளவுக்குப் பொறுமை இல்லை என்றால் குணப்பட்டியலை விட்டுவிட்டு மாதக் கடைசியில் மாத்திரை அட்டையில் மிஞ்சிய மாத்திரைகளை எண்ணுங்கள். அதற்கு ஜெர்மன் தெரிய வேண்டியதில்லை.